அம்மாவின் மூட்டில் எண்ணெய் வற்றிவிட்டதா?

உங்கள் அம்மாவுக்கு 54 வயது. 25 வருடமாக, விடியுமுன் கம்பத்தில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்தின் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கப் போய்வருகிறார். ஒரு வருடமாக இரண்டு முழங்காலிலும் வலி. மடக்கி நீட்டினால் நறநறவென்று சத்தம். 'மூட்டில் எண்ணெய் வற்றிவிட்டது, நடக்க நடக்க ஜவ்வு தேயும், எண்ணெய் ஏற்ற ஊசி இருக்கிறது' என்று சொல்லியிருக்கிறார்கள். ஊசி போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில், 'வேலையை நிறுத்தி வீட்டில் உட்காரவைத்தால் இருக்கிற ஜவ்வாவது மிஞ்சுமா?' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்களைத் தூங்கவிடாதது அந்த வரிதான் என்று நினைக்கிறேன். அதற்கே முதலில் பதில்: மிஞ்சாது. முழு ஓய்வு அந்த ஜவ்வைக் காப்பாற்றுவதில்லை, மெலியவைக்கிறது.

நான் பிசியோதெரபிஸ்ட். 21 வருடமாக இந்த மலையடிவாரத்தில்தான் வேலை. காய் எடுக்கிறவர்கள், கவ்வாத்துக்கு (செடி கழிக்க) போகிறவர்கள், மூட்டை சுமக்கிறவர்கள், அவர்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறி இறங்கும் ஜீப் டிரைவர்கள் என்று என்னிடம் வரும் முழங்கால்களில் பெரும்பாலானவை தோட்டத்து முழங்கால்கள். அம்மாவின் காலைத் தொட்டுப் பார்க்காமல்தான் இதை எழுதுகிறேன் என்பதை நினைவில் வையுங்கள். ஊசி, ஆபரேஷன் பற்றிய கடைசி முடிவு எலும்பு மருத்துவருடையது. மூட்டு எப்படி வழுவழுப்பாக இருக்கிறது, எது அதைக் கெடுக்கிறது என்பது நான் படித்த படிப்பு, தினமும் கையாளும் தொழில்.

முதலில் அந்த 'எண்ணெய்'. முழங்கால் மூட்டைச் சுற்றி ஒரு பை இருக்கிறது. அதன் உட்புறத்தில் மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வு ரத்தத்திலிருந்து நீரை வடித்து, ஹயலுரானிக் அமிலம் என்ற பிசுபிசுப்பான பொருளையும் லூப்ரிசின் என்ற புரதத்தையும் தானே சுரந்து அதில் சேர்க்கிறது. இதுதான் மூட்டுத் திரவம். 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் என்ற சுவிஸ் மருத்துவர் இதற்கு 'சைனோவியா' என்று பெயர் வைத்தார். பார்க்க முட்டையின் வெள்ளைக்கரு போல இருப்பதால், முட்டையைக் குறிக்கும் லத்தீன் சொல்லை அதில் சேர்த்தார் என்பார்கள். நல்ல முழங்காலில் இது 4 மில்லி இருந்தால் அதிகம். ஒரு டீஸ்பூன்கூட நிறையாது. இன்ஜினில் ஆயில் குறைவதுபோல இது குறைந்து தீர்ந்துபோவதில்லை. சுரப்பதும் வடிவதும் நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கும். சொல்லப்போனால் வலிக்கிற முழங்காலில் பல சமயம் திரவம் கூடித்தான் இருக்கும். 'நீர் கோத்திருக்கிறது' என்கிறோமே, அதுதான். அளவு கூடுகிறது, தரம் குறைகிறது. அழற்சி வந்த மூட்டில் ஹயலுரானிக் அமிலம் நீர்த்துப்போகிறது, அதன் நீண்ட இழைகள் துண்டுபடுகின்றன. நல்ல திரவத்தில் ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துப் பிரித்தால் நூல்போல இழுபடும். கெட்டுப்போனது தண்ணீராக அறுந்து விழும். ஆகவே 'வற்றிவிட்டது' என்ற சொல்லை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தச் சொல் கேட்டுப் பயந்து நடப்பதையே விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்தத் திரவத்துக்கு ஒரு குணம் உண்டு. சும்மா இருந்தால் கெட்டிப்படும், வேகமாக அசைத்தால் இளகும். ஜீப்பின் பின்பக்கத்தில் நெருக்கியடித்து, மடக்கிய காலை நீட்ட வழியில்லாமல் உட்கார்ந்து போய் இறங்கும்போது முதல் பத்து அடிக்குக் கால் மரக்கட்டையாக இருக்கிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது என்று அம்மா சொல்லியிருப்பார். இந்தக் குணமும் அதற்கு ஒரு காரணம் என்று கருதுகிறோம். சவ்வின் வீக்கம், தசையின் விறைப்பு ஆகியவற்றுக்கும் அதில் பங்குண்டு.

ஆனால் மூட்டு வழுக்குவதற்கு இந்தத் திரவம் பாதிக் காரணம்தான். மீதி, எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு. ஊரில் இதையும் ஜவ்வு என்கிறார்கள், இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறை வடிவத்தில் இருக்கும் மெனிஸ்கஸையும் ஜவ்வு என்கிறார்கள், தசைநாரையும் ஜவ்வு என்கிறார்கள். நீங்கள் கேட்பது முதலாவதைப் பற்றி. இது சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள, வெண்மையான, பளபளப்பான பூச்சு. எடையில் 65 முதல் 80 சதவீதம் வரை தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிடித்துவைப்பது அக்ரிகன் என்ற மூலக்கூறு. அக்ரிகன் உப்பிப் பெருகிவிடாமல் வலைபோலக் கட்டிவைப்பது கொலாஜன் நார்.

ஏலத்தோட்டத்தில் மர நிழலுக்கடியில் தரையெல்லாம் சருகு மெத்தையாகக் கிடக்கும். மழை பெய்த மறுநாள் அதில் காலை வைத்தால் பூட்ஸைச் சுற்றித் தண்ணீர் ஊறி வரும், காலை எடுத்தால் உள்ளே இறங்கிவிடும். அம்மா தினமும் பார்க்கிற காட்சி. குருத்தெலும்பும் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொள்கிறது. உடம்பின் பாரம் விழுந்த கணத்தில் உள்ளிருக்கும் நீர் அழுந்துகிறது. குருத்தெலும்பின் துளைகள் மிக நுண்ணியவை என்பதால் நீர் உடனே வெளியேற முடியாது. அந்த நீரழுத்தமே பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்கிவிடுகிறது, திடப்பொருள்மேல் விழுவது கொஞ்சம்தான். சிறிது நீர் கசிந்து மேற்பரப்பில் படலமாகவும் நிற்கிறது. 1959இல் மெக்கட்சன் என்ற ஆய்வாளர் இந்தக் கசிவைப் பற்றி எழுதினார். பாரம் நீங்கியதும் அக்ரிகன் நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இந்த நீரழுத்தமும், மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் லூப்ரிசின் படலமும் சேர்ந்து நல்ல மூட்டின் உராய்வுக் கெழுவை (எவ்வளவு உரசுகிறது என்பதற்கான அளவை) 0.01க்கும் கீழே கொண்டுபோகின்றன. இதில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. லூப்ரிசின் இல்லாமல் முடியாது என்பதில் மட்டும் சந்தேகமில்லை. அந்தப் புரதத்துக்கான மரபணுவே பழுதாகிப் பிறக்கும் குழந்தைகள் உண்டு, மிக அபூர்வமாக. அவர்களுக்குச் சிறுவயதிலேயே மூட்டுகள் கெட்டுப்போகின்றன. 1999இல் அந்த மரபணுவைக் கண்டுபிடித்த பிறகுதான் லூப்ரிசினின் அருமை முழுதாகத் தெரிந்தது.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. நரம்பும் கிடையாது. (அதனால் அது வலிக்கவும் செய்யாது. வலி சவ்விலிருந்தும், அடியில் உள்ள எலும்பிலிருந்தும், சுற்றியுள்ள பையிலிருந்தும் வருகிறது.) ரத்தம் வராத இடத்தில் இருக்கும் செல்களுக்குச் சாப்பாடு எப்படிப் போகிறது? மூட்டுத் திரவத்திலிருந்துதான். குளுக்கோஸ், ஆக்சிஜன் போன்ற சிறிய பொருள்கள் பெரும்பாலும் தாமாகவே பரவி உள்ளே போய்விடும். பெரிய மூலக்கூறுகள் நகர்வதற்கு அழுந்துவதும் விரிவதுமான அந்தப் பம்பு வேலை உதவுகிறது. அதைவிட முக்கியம், அந்தச் செல்கள் பாரத்தை உணர்கின்றன. இடைவெளி விட்டு விட்டு அளவான பாரம் விழுந்தால் அக்ரிகனைத் தயாரிக்கின்றன. பாரமே விழாவிட்டால் தயாரிப்பைக் குறைத்துவிடுகின்றன. நடக்கும்போது ஒவ்வோர் அடியும் அழுத்தி விடுகிறது. நமக்கு வேண்டியது அந்தத் தாளம்தான்.

இது பரிசோதனைக்கூடச் சங்கதி மட்டுமல்ல. தண்டுவடம் அடிபட்டுக் கால் செயலிழந்தவர்களின் முழங்காலை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால், அடிபட்ட ஓரிரு வருடத்துக்குள்ளேயே குருத்தெலும்பு மெலிந்திருப்பது தெரிகிறது. தேய்வதற்கு அங்கே நடையே இல்லை. 1970களில் டொரான்டோவில் ராபர்ட் சால்டர் என்ற எலும்பு மருத்துவர் முயல்களின் மூட்டுக் குருத்தெலும்பில் சிறு காயம் செய்து பார்த்தார். கட்டுப்போட்டு அசையாமல் வைத்த மூட்டுகளைவிட, இடைவிடாமல் மெதுவாக அசைத்துக்கொண்டே இருந்த மூட்டுகள் நன்றாக ஆறின. மனிதர்களில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களுக்கு இடுப்பு, முழங்கால் தேய்மானம் சுமார் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களுக்குச் சுமார் 10 சதவீதம் என்று 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். இந்தக் கடைசிக் கணக்கை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல முழங்கால் உள்ளவர்கள்தான் ஓடப்போவார்கள் என்ற வாதமும் நியாயமானதே. போட்டிக்காக ஓடுகிறவர்களுக்கு விகிதம் 13 சதவீதம் வரை போனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு தவறு செய்தேன். தேவாரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார், உங்கள் அம்மா வயதுதான். 'வலி நிற்கும்வரை நடையைக் குறையுங்க, மாடிப்படியே ஏறாதீங்க' என்று சொல்லி அனுப்பினேன். பயிற்சி எதுவும் சரியாகக் கற்றுக்கொடுக்கவில்லை. எட்டு மாதம் கழித்து மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். தொடைத் தசை கரைந்து, முழங்கால் நீட்ட முடியாமல் பாதியில் நின்றது. எடை கூடியிருந்தது. அவரை மறுபடி கடைத்தெரு வரைக்கும் தனியாக நடக்கவைக்க அதற்கப்புறம் ஒரு வருடம் ஆனது. வலி நிற்கும்வரை நடக்காதே என்று நான் யாருக்கும் சொல்வதில்லை, அன்றிலிருந்து.

அதற்காக எல்லா உழைப்பும் மூட்டுக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இதன் மறுபக்கம் கடுமையானது. 1743இலேயே வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர், குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் திரும்புவதில்லை என்று எழுதிவைத்தார். 2016இல் டென்மார்க் ஆய்வாளர்கள் அதற்கு ஆச்சரியமான ஆதாரம் தந்தார்கள். 1950, 60களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 அணுக்களை வைத்து முழங்கால் கொலாஜனின் வயதைக் கணக்கிட்டார்கள். வளரும் பருவத்தில் உருவான கொலாஜன்தான் கடைசிவரை அப்படியே இருக்கிறது, பெரியவர்களான பிறகு அது ஏறக்குறையப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. அக்ரிகன் புதிதாக வரும், நீர் வரும் போகும், அந்த நார்வலை அறுந்தால் அறுந்ததுதான். அதை அறுப்பது அன்றாட நடையல்ல. அடி, சுளுக்கு, மெனிஸ்கஸ் கிழிவது, கூடுதலான உடல் எடை, வருடக்கணக்கில் பாரத்தோடு குந்துவது, மண்டியிடுவது: இவைதான்.

இங்கேதான் அம்மாவின் வேலை வருகிறது. ஏலச் செடியில் காய் தூரில், தரையோடு கிடக்கும் சரத்தில் பிடிக்கிறது. குனிந்தோ குந்தியோதான் எடுக்க முடியும். சாயங்காலம் ஈரச்சரிவில் மூட்டையோடு இறங்க வேண்டும். சமதளத்தில் நடக்கும்போது முழங்காலில் உடல் எடையைப்போல இரண்டரை மடங்கு பாரம் விழுகிறது, படி இறங்கும்போது அது மூன்றரை மடங்கை ஒட்டிப் போகிறது. ஆழமாகக் குந்தும்போது முழங்கால் சில்லின் பின்பக்கம் இன்னும் அழுந்தும். அதற்காக வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தச் சொன்னால் அடுப்பு எப்படி எரியும் என்று எனக்கும் தெரியும். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான உயரமுள்ள, கைப்பிடி வைத்த சின்ன உட்காரும் பலகை ஒன்றைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். முழுதாகக் குந்துவதைவிட அதில் உட்கார்ந்து எடுப்பது நல்லது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து பத்து அடி நடக்கட்டும். இறங்கும்போது மூட்டையை வேறு யாரிடமாவது கொடுக்க முடிந்தால் கொடுக்கட்டும், முடியாவிட்டால் இரண்டு நடையாகக் கொண்டுவரட்டும். கங்காணி அரை மணிக்கு ஒருமுறை எழ விடுவாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும். அம்மாவோடு போகும் மற்றவர்களுக்கும் முழங்கால் வலி இருக்கும், சேர்ந்து கேட்டால் கிடைக்கலாம்.

சத்தத்துக்கு அதிகம் பயப்பட வேண்டாம். வலியும் வீக்கமும் சேராத வெறும் சத்தம் நல்ல முழங்காலிலும் கேட்கும். விரலில் சொடக்கு எடுக்கும்போது திரவத்தில் குமிழி உருவாவதை 2015இல் எம்ஆர்ஐயில் படமே பிடித்திருக்கிறார்கள். அம்மாவுக்கு வலியோடு நறநறப்பும் இருப்பதால் சில்லின் பின்பக்கம் சொரசொரப்பாகியிருக்கலாம். அப்படி இருந்தாலும் சிகிச்சை மாறாது.

ஊசிக்கு வருகிறேன். அவர்கள் 'எண்ணெய்' என்றது ஹயலுரானிக் அமிலத்தை. 1934இல் மாட்டுக் கண்ணிலிருந்து முதலில் பிரித்தெடுத்த பொருள். பிறகு சேவல் கொண்டையிலிருந்து எடுத்து ஊசியாக்கினார்கள். தர்க்கம் அழகானது: குறைந்ததை வெளியிலிருந்து ஊற்று. ஆனால் ஊற்றியது சில நாட்களிலேயே மூட்டிலிருந்து வெளியேறிவிடுகிறது. 2022இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, வெறும் உப்புநீர் போன்ற போலி ஊசியைவிட இது குறைக்கும் வலி நோயாளியால் உணர முடியாத அளவுக்குச் சிறியது என்று முடித்தது. போட்டு நன்றாக இருந்ததாகச் சொன்னவர்கள் என்னிடமும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. போலி ஊசி போட்டவர்களுக்கும் வலி கணிசமாகக் குறைகிறது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். குருத்தெலும்பு வளரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடன் வாங்கிப் போடும் அளவுக்கு இது அவசியமில்லை என்பது என் கருத்து. ஸ்டீராய்டு ஊசி வேறு விஷயம். நன்றாக வீங்கிய முழங்காலுக்கு ஒருமுறை போட்டால் சில வாரம் நிம்மதி கிடைக்கும். திரும்பத் திரும்பப் போடக் கூடாது. 2017இல் 140 பேரை வைத்து நடந்த ஆய்வில் 12 வாரத்துக்கு ஒருமுறை இரண்டு வருடம் போட்டுப் பார்த்தார்கள். வலியில் வித்தியாசமில்லை, குருத்தெலும்பு கூடுதலாக மெலிந்திருந்தது. குளுக்கோசமைன் மாத்திரையை 2006இல் 1,583 பேரிடம் சோதித்தார்கள். மொத்தத்தில் போலி மாத்திரையைவிட மேல் என்று நிரூபணமாகவில்லை.

மெட்டு ஏறிக் கேரளம் போனால் ஆயுர்வேத வைத்தியசாலை, முறிவெண்ணெய், குழம்பு என்கிற தைலம், உழிச்சல் என்கிற எண்ணெய்த் தடவல் என்று எல்லாம் கிடைக்கும். பூசும் தைலம் தோல், கொழுப்பு, தசை எல்லாம் தாண்டி மூட்டுக்குள் இறங்காது. ஆனால் சூடும் தடவலும் தசையை இளக்கி வலியைத் தணிக்கும், அந்த இதம் உண்மையானது. அம்மாவுக்குப் பிடித்திருந்தால் போடட்டும், கொதிப்போடு வீங்கியிருக்கும் நாளில் மட்டும் அழுத்தித் தேய்க்க வேண்டாம். ஆட்டுக்கால் சூப்பும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பும் உணவாக நல்லவை. சூப்பில் உள்ள கொலாஜன் வயிற்றில் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைந்துதான் ரத்தத்தில் சேர்கிறது. அது முழங்காலைத் தேடிப் போய் அங்கே நாராக அமரும் என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை.

செய்ய வேண்டியது தொடைத் தசைக்குப் பலம். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். இது சுலபமான பிறகு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, பத்து முறை. எடை கட்டித் தூக்க வேண்டியதில்லை. 2021இல் வந்த ஒரு ஆய்வில் கடினமான பயிற்சியும் லேசான பயிற்சியும் வலியில் ஒரே பலனைத்தான் தந்தன. பயிற்சியின்போது கொஞ்சம் வலிக்கலாம். மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட்டால் அளவு சரி. மறுநாள் வீங்கினாலோ வலி கூடினாலோ பாதியாகக் குறையுங்கள். பலன் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். போன குருத்தெலும்பு இதனால் திரும்பாது. வலி ஓரளவு குறையும், கால் நம்பிக்கையோடு ஊன்றும். அம்மா கனமானவராக இருந்தால், ஒரு கிலோ குறைந்தாலே ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறையும். ஜீப்பிலிருந்து இறங்குமுன், உட்கார்ந்த இடத்திலேயே பாதத்தை முன்னும் பின்னுமாக இருபது முறை அசைத்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள்.

நான் சொன்னதெல்லாம் தேய்மானம் என்று வைத்துக்கொண்டு சொன்னது. காலையில் எழுந்ததும் விறைப்பு அரை மணிக்குள் விட்டுவிடுகிறது என்றால் அது தேய்மானத்தின் குணம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, கைவிரல் மூட்டுகளும் வீங்கினால் முடக்குவாதமாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு, தாமதிக்கக் கூடாது. காய்ச்சலோடு ஒரு முழங்கால் சூடாக வீங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மடக்கிய கால் பூட்டியதுபோல் நின்றுவிட்டால் மெனிஸ்கஸைப் பார்க்க வேண்டும். வலி தொடங்குமுன் அம்மாவுக்குச் சிக்குன்குனியா வந்ததா என்றும் கேளுங்கள். 2007இல் கேரளத்தின் ரப்பர் மாவட்டங்களில் அது பரவியபோது, பால் பிடிக்கும் சிரட்டைகளில் தேங்கிய மழைநீரில் கொசு பெருகியது. காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் மூட்டு வலியோடு இருந்தவர்களுக்கு அப்போது நான் சிகிச்சை கொடுத்திருக்கிறேன். அதைத் தேய்மானம் என்று எண்ணி ஊசி போட்டுக்கொண்டவர்களும் அவர்களில் உண்டு.

கடைசியாக ஒன்று. 'எக்ஸ்ரேயில் இடைவெளி குறைந்திருக்கிறது' என்று எழுதியிருந்தீர்கள். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை வைத்துத்தான் ஊகிக்கிறோம், பாரம் விழும்போதுதான் அந்த இடைவெளியின் உண்மை அளவு தெரியும். படம் எடுத்தபோது அம்மா நின்றுகொண்டிருந்தாரா, மேசையில் படுத்திருந்தாரா? அதையும், காலை விறைப்பு எத்தனை நிமிடம் என்பதையும் அவரிடம் கேட்டு எழுதுங்கள்.